கட்சுரென்: தோற்றவனின் கோட்டை

ஒகினாவாப் பெருந்தீவின் கிழக்குக் கரையில், நகாகுசுகு விரிகுடாவின் இரு புறங்களிலும் இரண்டு கற்கோட்டைகள் எதிரெதிரே நிற்கின்றன. தென்மேற்கே மலைமுகட்டில் நகாகுசுகு. வடகிழக்கே, கடலுக்குள் நீளும் தீபகற்பத்தின் குன்றொன்றில் கட்சுரென். 1458ஆம் ஆண்டில் இவ்விரு கோட்டைகளின் தலைவர்களும் அடுத்தடுத்து அழிக்கப்பட்டனர். நகாகுசுகுவை ஆண்ட கோசமாரு, ஒகினாவாவை மையமாகக் கொண்டு அன்று தனி நாடாக இருந்த ரியூக்யூவின் அரசன் ஷோ தைக்யூவின் மாமனார். கட்சுரெனை ஆண்ட அமவாரி, அதே அரசனின் மருமகன். மாமனாரையும் மருமகனையும் ஒரே ஆண்டில் இழந்த அந்த அரசனைப் பற்றி மக்கள் அதிகம் பேசுவதில்லை. அழிந்த இருவரில் ஒருவனை விசுவாசத்தின் திருவுருவாகவும் மற்றவனைத் துரோகத்தின் திருவுருவாகவும் ஆக்கி, அவ்விருவரைப் பற்றியே ஐந்நூறு ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். துரோகி என்று சொல்லப்பட்டவனின் கோட்டையைப் பற்றியே நான் இங்கே எழுத விரும்புகிறேன். அவனைப் பற்றி ஏடுகள் சொல்வதும், அவன் கோட்டை மண் சொல்வதும் ஒன்றாக இல்லை.

ரியூக்யூத் தீவுகளில் இத்தகைய இடங்களைக் குசுகு என்கிறார்கள். ஏறத்தாழ 300 குசுகுகள் கண்டறியப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் அவை எழுந்தன. அவை எல்லாமே கோட்டைகள் அல்ல. சில, மரம் அடர்ந்த வழிபாட்டிடங்கள். சில, மூதாதையரைப் புதைத்த பாறைக் குன்றுகள். குசுகு என்பது முதலில் கோயிலா, காவலரணா, வேலியடைத்த ஊரா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். மூன்றும் ஒரே இடத்தில் கலந்திருந்தன என்றே, கட்சுரெனைப் பார்த்தபின், எனக்குத் தோன்றுகிறது. அஜி என்று அழைக்கப்பட்ட வட்டாரத் தலைவர்கள் வலுப்பெற்றபோது, தொழுகையிடத்தைச் சுற்றியே மதில் எழுந்தது. பவளப்பாறையிலிருந்து உருவான சுண்ணாம்புக்கல் தீவெங்கும் கிடைத்ததால் கல்லுக்குக் குறைவில்லை. சாந்து இல்லாமல் கல்லோடு கல்லை அடுக்கி, குன்றின் வளைவுக்கு ஏற்ப மதிலையும் வளைத்துக் கட்டினார்கள். ஜப்பானின் பெருநிலத்தில் உயர்ந்த கல்மதில்களைக் கொண்ட பெருங்கோட்டைகள் 16ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயின என்பதை நினைத்தால், இந்தச் சிறு தீவுகளின் கொத்தர்கள் எவ்வளவு முந்தியவர்கள் என்பது விளங்கும்.

கட்சுரென் அவற்றுள் பழையது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஐந்து குசுகுகளில் மிகத் தொன்மையானது இதுவே என்பார்கள். குன்றின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கேயும் ஒரு சிறு மேடு உண்டு. இரண்டுக்கும் நடுவே தாழ்ந்த நிலம். தாழ்ந்த இடத்திலிருந்து நான்காம், மூன்றாம், இரண்டாம், முதலாம் வளாகங்கள் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன. நான்காம் வளாகத்தில் கிணறுகள் இருக்கின்றன. முற்றுகையைத் தாங்க வேண்டிய கோட்டைக்கு நீர் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அக்கிணறுகளில் ஒன்றின் நீர்மட்டத்தைப் புத்தாண்டில் பார்த்து அவ்வாண்டின் விளைச்சலைக் கணித்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். இரண்டாம் வளாகத்தில் அரண்மனைத் தூண்கள் நின்ற அடித்தளக் கற்கள் வெயிலில் கிடக்கின்றன. மரத்தாலான அக்கட்டடத்தில் இன்று அந்தக் கற்கள் மட்டுமே மிச்சம். அதன் ஓரத்தில் ஒரு குகையும், அடுப்புத் தெய்வத்தை வழிபட்ட இடமும் உள்ளன. உச்சியான முதலாம் வளாகத்தில், கோட்டையைக் காக்கும் தெய்வம் உறைவதாகக் கருதப்படும் ஒரு பாறை இருக்கிறது. அஜிகள் போய் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விடங்களுக்குத் தொழ வருபவர்கள் இன்னும் உண்டு.

கீழிருந்து பார்க்கையில் மதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலைபோல் வளைந்து ஏறுகின்றன. நான் அந்தப் படிகளில் ஏறியபோது, அழகைவிட அதில் அடங்கிய கணக்கே முதலில் என் கண்ணில் பட்டது. வழி, மதிலை ஒட்டியே செல்லும்படி அமைந்திருக்கிறது. ஏறி வருபவன் எந்த இடத்திலும் மேலே நிற்பவனின் பார்வைக்குத் தப்ப முடியாது. உச்சியை அடைந்தால் ஒருபுறம் விரிகுடாவும் மறுபுறம் வடகிழக்குத் தீவுகளும் தெரிகின்றன. வானம் தெளிந்திருந்தால் விரிகுடாவுக்கு அப்பால் நகாகுசுகு இருக்கும் மலைத்தொடரும் தென்படும். குன்றின் தென்புறச் சரிவுக்குக் கீழே பழைய குடியிருப்பும் துறையும் இருந்தன. கட்சுரென் ஒரு துறைமுகத்தின் தலையில் அமைந்த கோட்டை. அதன் வலிமைக்கும் அதன் அழிவுக்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அகழாய்வில் கிடைத்தவை இதற்குச் சான்று. சீனத்து நீலவெள்ளைப் பீங்கான், அதுவும் யுவான் அரசமரபுக் காலத்து அருமையான வகை, இங்கே கிடைத்திருக்கிறது. பச்சைநிறப் பூச்சுக் கலங்களின் ஓடுகளும் ஏராளம். இன்னொன்று கூரை ஓடு. அக்காலத்து ஒகினாவாவில் ஓடு வேய்ந்த கட்டடம் என்பது அரசர்களுக்குரிய ஆடம்பரம். ஷுரி, உராசொயே ஆகிய அரசிருக்கைகளுக்கு வெளியே அத்தகைய ஓடுகள் கிடைத்த இடம் கட்சுரென். ரியூக்யூவின் பழம்பாடல்களை 1531க்கும் 1623க்கும் இடையே 22 தொகுதிகளாகத் தொகுத்து வைத்தார்கள். ‘ஒமோரோ சோஷி’ எனப்படும் அத்தொகுப்பின் 16ஆம் தொகுதியில் கட்சுரென் வட்டாரப் பாடல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, கட்சுரெனை எதற்கு ஒப்பிடுவது என்று கேட்டுவிட்டு, யமாத்தோ நாட்டின் கமகுராவுக்கு ஒப்பிடலாம் என்று விடை சொல்கிறது. ஒகினாவாவின் கிழக்குக் கரையில் ஒரு குன்றின்மேல் நின்று ஜப்பானியப் படைத்தலைவர்களின் தலைநகரை உவமையாக எடுக்கும் பாடகன் தன் ஊரைச் சிற்றூராக நினைத்தவன் அல்லன்.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் இக்கோட்டை உலகச் செய்தியானது. நான்காம் வளாகத்தில் முன்பே தோண்டியெடுத்து வைத்திருந்த சிறு செப்புத் துண்டுகள் சிலவற்றை ஊடுகதிர்ச் சோதனையில் பார்த்தபோது, அவற்றுள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய நாணயங்கள் இருப்பதும், ஒன்று 17ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் நாணயம் என்பதும் தெரியவந்தன. ரோமாபுரிக்கும் ஒகினாவாவுக்கும் நேரடித் தொடர்பு என்ற அளவுக்குச் செய்தித்தாள்கள் சென்றன. அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. ரோமானிய நாணயம் அச்சான காலத்தில் கட்சுரென் கோட்டையே இல்லை. ஒட்டோமான் நாணயம் அச்சான காலத்தில் கோட்டை வீழ்ந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆக, இடிபாடான பின்னும் இந்தக் குன்றில் மனித நடமாட்டம் நின்றுவிடவில்லை என்பதே அந்த ஒட்டோமான் காசு நிச்சயமாகச் சொல்லும் செய்தி. ரோமானியக் காசுகள் எத்தனை கைகள் மாறி, எந்தத் துறைகளைத் தொட்டு இங்கே வந்தன என்பதை ஊகிக்கத்தான் முடியும். தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி: 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய சிறு ரோமானியச் செப்புக்காசுகள் கரூர், மதுரை வட்டாரங்களிலும் இலங்கையிலும் பெருமளவில் கிடைத்திருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காத் துறையில் ரியூக்யூக் கப்பல்களும் தமிழ் வணிகர்களும் ஒரே காலத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குச் சான்று எதுவும் இல்லை.

இக்கோட்டையின் பத்தாவது தலைவனாகவும் கடைசித் தலைவனாகவும் மரபு குறிப்பிடுபவன் அமவாரி. அவன் பிறந்தது மேற்குக் கரையை ஒட்டிய யாரா என்ற ஊரில், எளிய குடும்பத்தில் என்கிறது கதை. சிறுவனாக இருந்தபோது உடல் நலிந்திருந்தான். சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து மீன்வலை பின்னும் வழியைக் கண்டுபிடித்தான். அந்த வலையை மீனவருக்குக் கொடுத்து அவர்கள் அன்பைப் பெற்றான். பின்னர் கட்சுரெனுக்கு வந்து, குடிகளைக் கொடுமைப்படுத்திய மொச்சிசுகி என்ற அஜியை வீழ்த்தித் தானே தலைவனானான். கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, அது எப்படிப்பட்ட மனிதனைக் காட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறப்பால் அஜி ஆகாதவன், மக்களுக்குத் தொழிற்கருவி தந்தவன், கடலோடு வாழ்ந்தவன். பழம்பாடல்களும் அவனைப் புகழ்பெற்றவன், உயர்ந்த உள்ளத்தவன் என்றே போற்றுகின்றன.

எதிர்க்கரையில் இருந்தவன் முற்றிலும் வேறு வகை. கோசமாரு படைவீரனும் கட்டடக்காரனும் ஆவான். தீவு மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்த காலத்தில், நடுப்பகுதி அரசைச் சேர்ந்த ஷோ ஹாஷி வடபகுதி அரசின் நாகிஜின் கோட்டையை வீழ்த்தியபோது அவனோடு நின்று போரிட்டவன். பின்னர் சகிமி கோட்டையைக் கட்டியவன். தன் பழைய கோட்டையான யமாதாவிலிருந்து கற்களை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றி அனுப்பியதாகச் சகிமியில் சொல்வார்கள். 1429இல் ஷோ ஹாஷி தென்பகுதியையும் வென்று மூன்று அரசுகளை ஒன்றாக்கினான் என்றாலும், கிழக்குக் கரையில் கட்சுரெனின் செல்வாக்கு குறையவில்லை. 1440 அளவில் கோசமாரு அரச ஆணைப்படி நகாகுசுகுவுக்கு மாற்றப்பட்டதற்கு இதுவே காரணம் என்பார்கள். நில வரைபடத்தைப் பார்த்தால் ஆணையின் நோக்கம் உடனே புலப்படும்: கட்சுரெனிலிருந்து ஷுரிக்கு வரும் வழியின் குறுக்கே நகாகுசுகு நிற்கிறது.

நகாகுசுகுவின் மதில்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் என்னால் கடந்து செல்ல முடியவில்லை. அங்கே கல்லடுக்கும் கலையின் மூன்று நிலைகளையும் ஒரே கோட்டையில் பார்க்கலாம். தெற்கு வளாகத்தில், கிடைத்த கல்லைக் கிடைத்தபடியே அடுக்கியிருக்கிறார்கள். முதலாம், இரண்டாம் வளாகங்களில் கற்களை நாற்சதுரமாகச் செதுக்கி வரிசை தவறாமல் வைத்திருக்கிறார்கள். கட்சுரென் மதில்களில் பெரும்பாலானவையும் இந்த வகையே. கோசமாரு விரிவாக்கிய மூன்றாம் வளாகத்திலும் வடக்கு வளாகத்திலும், ஒவ்வொரு கல்லையும் பல கோணங்களாகச் செதுக்கி, பக்கத்துக் கல்லின் கோணத்தோடு கச்சிதமாகக் கவ்வும்படி பொருத்தியிருக்கிறார்கள். பின்னது கடினமான வேலை. ஒரு கல்லின் இடத்தில் இன்னொரு கல்லை வைக்க முடியாது. ஆனால் பாரம் பல திசைகளில் பகிரப்படுவதால் மதில் எளிதில் சரிவதில்லை. 1853இல் அமெரிக்கத் தளபதி மாத்யூ பெரியின் கப்பற்படை ரியூக்யூவுக்கு வந்தபோது, தீவை ஆராயச் சென்ற குழுவினர் இக்கோட்டையை அளந்து வரைபடமாக்கி, கல்வேலையைப் பாராட்டி எழுதினார்கள். கட்சுரென் அத்தகைய பாராட்டைப் பெறவில்லை.

இனி 1458. அரசவை வரலாறு சொல்லும் கதை இது. கோசமாரு படைக்கலங்களைச் செப்பனிட்டுக் கலகத்துக்குத் தயாராகிறான் என்று அமவாரி அரசனிடம் கோள் மூட்டுகிறான். உண்மையில் அந்த ஏற்பாடு அமவாரிக்கு எதிரானது. அரசன் நம்பி, அமவாரியையே தலைவனாக்கிப் படை அனுப்புகிறான். அன்று நிலாக் காணும் விழா. மதிலுக்கு வெளியே அரசக்கொடியைக் கண்ட கோசமாரு, அரசனுக்கு எதிராக வில்லெடுக்க மறுத்து, குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொள்கிறான். கைக்குழந்தை ஒன்றை மட்டும் செவிலித்தாய் தூக்கிக்கொண்டு தப்புகிறாள். தடை நீங்கிய அமவாரி அடுத்து ஷுரியைத் தாக்கத் திட்டமிடுகிறான். அவன் மனைவி மொமோதோஃபுமியாகரி, அரசனின் மகள், கோசமாருவின் பேர்த்தி. அவளோடு ஷுரியிலிருந்து காவலாக வந்திருந்த உனி உஃபுகுசிகு என்ற வீரன் திட்டத்தை அறிந்து, இரவோடு இரவாக அவளை அழைத்துக்கொண்டு ஷுரிக்கு ஓடுகிறான். பின்னர் அவனே அரசப்படைக்குத் தலைமையேற்று வந்து கட்சுரெனை வீழ்த்தி அமவாரியைக் கொல்கிறான். அதன்பின் அந்த இளவரசியை மணக்கிறான்.

கதை நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருப்பதுதான் அதன் சிக்கல். ஒரு செவிலியும் கைக்குழந்தையும் தவிர குடும்பமே இறந்துவிட்ட கோட்டையில் கோசமாரு என்ன நினைத்து வில்லைக் கீழே வைத்தான் என்பதை யார் வந்து சொன்னார்கள்? அரசனின் மருமகனாகவும் நம்பிக்கைக்குரிய படைத்தலைவனாகவும் ஆகிவிட்ட ஒருவன், உடனேயே அதே அரசனைத் தாக்கி எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டிய தேவை என்ன? ரியூக்யூ அரசின் முதல் அதிகாரபூர்வ வரலாற்று நூல் 1650இல்தான் எழுதப்பட்டது. அடுத்தவை 1701இலும் 1745இலும் வந்தன. இதற்குள் அரசமரபே மாறிவிட்டது. மேலும், கோசமாருவின் வழியில் வந்த மோ குலத்தார் ஷுரி அரசவையில் அமைச்சர் பதவிகளை வகித்த பெருங்குடியாக வளர்ந்திருந்தார்கள். 1689இல் அரசு குலவரலாறுகளைப் பதியத் தனி அலுவலகம் அமைத்தபோது, ஒவ்வொரு பெருங்குடியும் தன் முன்னோரைப் பற்றி எழுதிக் கொடுத்தது. அமவாரிக்கு அப்படி எழுதிக் கொடுக்க யாருமில்லை.

ஆதாயம் யாருக்கு என்று கேட்டால் விடை ஷுரியை நோக்கியே போகிறது. ஷோ தைக்யூ 1454இல் அரியணை ஏறியது, அதற்கு முந்தைய ஆண்டு அரசுரிமைச் சண்டையில் ஷுரிக் கோட்டையே எரிந்த பின்னர். அப்படிப்பட்ட அரசனுக்குக் கடல் வணிகத்தால் செழித்த கட்சுரெனும் உறுதியான மதில்களைக் கொண்ட நகாகுசுகுவும் ஒரே அளவில் அச்சம் தந்திருக்கும். ஒன்றை வைத்து மற்றதை அழித்து, எஞ்சியதைத் தானே முடித்துக்கொண்டான் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சான்று என்று காட்ட ஓலையோ கல்வெட்டோ இல்லை. ஆனால் அதே 1458இல் அவ்வரசன் வார்ப்பித்த பெரிய மணி ஒன்று இன்றும் இருக்கிறது. ரியூக்யூ தென்கடலின் வளமிக்க நாடு, கப்பல்களைப் பாலமாக்கி எல்லா நாடுகளையும் இணைப்பது, நாட்டில் அரும்பொருள்கள் நிறைந்துள்ளன என்று அதன் வாசகம் சொல்கிறது. கடல் வணிகத்தில் தன்னோடு போட்டியிடக்கூடிய துறைமுகத் தலைவன் அழிந்த ஆண்டில் ஓர் அரசன் இப்படிப் பொறிக்கிறான் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

அரசவையின் கதை மக்கள் மனத்தில் பதிந்ததற்கு ஏடுகளைவிட மேடையே பெரிய காரணம். 1719இல் சீனப் பேரரசின் தூதர்களை மகிழ்விக்க தமகுசுகு சோகுன் என்ற அரசவைக் கலைஞர் குமி ஒதோரி என்னும் இசைநாடக வடிவத்தை உருவாக்கி அரங்கேற்றினார். அவ்வடிவில் அவர் படைத்த நாடகங்களுள் ஒன்றான ‘நிதோ தெகியுச்சி’யில், கோசமாருவின் இரு மகன்கள் ஆடற்கலைஞர்களாக வேடமிட்டு அமவாரியை நெருங்கி, மது ஊற்றிக் கொடுத்துப் பழி தீர்க்கிறார்கள். ஏடுகளில் அவனைக் கொன்றது அரசப்படை. மேடையில் கொன்றது மகன்களின் கைகள். பார்வையாளர்களுக்கு இரண்டாவதே இனித்திருக்கும். ஆணவத்தோடு கால் வீசி மேடையேறும் அமவாரியின் தோற்றம் ஒகினாவாக்காரர்களின் தலைமுறை தலைமுறையான நினைவில் அப்படியே நின்றுவிட்டது. அதை முதலில் அசைத்தவர், ஒகினாவா ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் இஃபா ஃபுயூ. பழம்பாடல்களில் அமவாரி போற்றப்படுவதை எடுத்துக்காட்டி, அவனை வெறும் துரோகி என்று தள்ளிவிட முடியாது என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் வாதிட்டார்.

கோட்டைகளின் பின்கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1477இல் அரசனான ஷோ ஷின் அஜிகளை ஷுரியிலேயே வந்து வசிக்கச் செய்ததால், மலைக்கோட்டைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1609இல் தென் ஜப்பானின் சத்சுமாப் பகுதிப் படை ரியூக்யூவை வென்றது. 1879இல் ஜப்பான் அரசு ரியூக்யூவை ஒகினாவா மாவட்டமாக்கியது. நகாகுசுகுவின் முதலாம் வளாகத்தில் இருந்த ஊர் அலுவலகம் 1945 போரில் எரிந்தது. போரின்போது ஜப்பானியப் படையின் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சகிமியில் இருந்தன; போருக்குப் பின் அமெரிக்கர்கள் அங்கே ரேடார் நிலையம் வைத்தார்கள். ஒகினாவா ஜப்பானுக்குத் திரும்பிய 1972இல் கட்சுரென் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஐந்து குசுகுகளும் தொடர்புடைய நான்கு இடங்களும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

அதே ஆண்டில் கட்சுரென் கோட்டையின் இடிபாடுகளுக்குள் இன்னொன்று நடந்தது. அவ்வட்டாரப் பள்ளி மாணவர்கள் அமவாரியை நாயகனாகக் கொண்ட நாடகம் ஒன்றைக் கோட்டைக்குள்ளேயே அரங்கேற்றினார்கள். பெரியவர்கள் தொடங்கிவைத்த அம்முயற்சி ஒருமுறையோடு நிற்கவில்லை. தலைமுறை மாறி மாறி மாணவர்கள் அதைத் தொடர்ந்து நடித்து வருகிறார்கள். மேடையால் கெட்ட பெயரை மேடையிலேயே மீட்டார்கள். 2021இல் கோட்டையின் அடிவாரத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியக வளாகத்துக்கும் அமவாரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதிலும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. துரோகி வீரனாகிவிட்டான், ஆனால் வீரனும் ஒரு வேடம்தான். குடிகளுக்கு நல்லவனாக இருந்துகொண்டே ஒருவன் அரியணைக்கும் ஆசைப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒரே மனிதனிடம் இருந்திருக்க முடியாது என்று யார் சொன்னது?

கட்சுரெனில் அரண்மனையை மீண்டும் எழுப்ப வேண்டுமா என்ற கேள்வி, ஷுரியைப் பார்க்கும் எவருக்கும் எழும். ஷுரியின் முதன்மை மண்டபம் போரில் அழிந்து, 1992இல் மறுபடி கட்டப்பட்டு, 2019 அக்டோபர் 31 அதிகாலையில் தீக்கிரையாகி, இப்போது மீண்டும் எழுகிறது. அதற்குப் பழைய புகைப்படங்களும் வரைபடங்களும் இருந்தன. உலகப் பாரம்பரியமாக அங்கீகரிக்கப்பட்டதும் அந்த மண்டபம் அன்று, அதன் கீழிருக்கும் பழைய அடித்தளமே. கட்சுரென் அரண்மனைக்கோ ஒரு கோட்டோவியம்கூடக் கிடையாது. என்ன கட்டினாலும் அது கட்டுபவரின் கற்பனையாகத்தான் இருக்கும். மதில்களின் கதை வேறு. 2010 பிப்ரவரியில் ஒகினாவாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் கட்சுரென் மதிலின் ஒரு பகுதி சரிந்தது. பின்னர் அதைத் திரும்ப அடுக்கினார்கள். விழுந்த கல்லும் அது இருந்த இடமும் தெரிந்த வேலை அது. தெரிந்ததை மட்டும் அடுக்கிவிட்டு, தெரியாததை வெறும் அடித்தளக் கற்களாகவே விட்டிருக்கும் இந்த முடிவே இக்கோட்டைக்குச் சரி என்று நினைக்கிறேன். இல்லாத சான்றை இட்டு நிரப்பிய கதைகள் அமவாரிக்கு ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன.